ஒரே படத்தில் முழுத் தோட்டம்

பிப்ரவரி 3

என் சின்னவளுக்கு,

இந்தப் பார்சலைக் கத்தியால் குத்திப் பிரிக்காதே. உன் பொறுமை எனக்குத் தெரியும், அதனால்தான் கடிதத்தைப் பெட்டியின் மேலேயே ஒட்டச் சொன்னேன். உள்ளே பஞ்சு சுற்றி இருப்பது டோம் லென்ஸ். நான் அங்கே கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கடைசி வருஷம் ஆசையாக வாங்கி, ஒரு நாள்கூட நனைக்காமல் அலமாரியில் வைத்திருந்தேனே, அதேதான். உன் கையடக்கக் கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் போடுகிறாய் அல்லவா, அந்தப் பெட்டியின் மூக்கில் இதை மாட்டிவிட வேண்டியதுதான். பார்த்தால் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் மாதிரி இருக்கும்.

எதற்கு இப்போது என்று கேட்பாய். டாக்டர் ஜூலையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார். இடது கண் கதை முடிந்தது உனக்குத் தெரியும். வலது கண்ணில், சுருட்டிய பேப்பர் வழியாகப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் மிச்சம். கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அதுவும் போகும். குறைக்கப் போய் ஆபரேஷன் மேஜையிலேயே பார்வை போனாலும் போகலாம். "இவ்வளவு கொஞ்சமா பார்வை மிச்சம் இருக்கிறவங்களுக்கு அப்படியும் ஆகறது உண்டும்மா, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார் டாக்டர். உன் அத்தான் அந்த அறையை விட்டு வெளியே போய்விட்டார். நான்தான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் கடலடியில் இருக்கிற நம் பவளத் தோட்டத்தை முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒடிந்து கிடந்த பவளக் கிளைகளைப் பொறுக்கிப் பொறுக்கி அந்த ஏழு இரும்புச் சட்டங்களிலும் கட்டியவள் நான். ஆனால் ஏழையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்துத் தண்ணீர்தான் எப்போதும் கலங்கலாயிற்றே. தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது, கிட்டே போனால் ஒரு சட்டத்துக்கு மேல் கண்ணில் அடங்காது. இந்த லென்ஸ் கிட்டே நின்றுகொண்டே அகலமாகப் பார்க்கும். சட்டங்களை லாடம் மாதிரி வளைத்துத்தானே வைத்திருக்கிறோம்? அதன் வாயில் நின்று ஒரே ஒரு படம் எடுத்து, காகிதத்தில் அச்சுப் போட்டு அனுப்பு. போன் திரை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் தீவில் சிக்னல் வருவதற்குள் எனக்கு நரைத்துவிடும். தவிர, போனில் நீ அழுவாய். கடிதத்தில் அழுதால் மைதானே கலையும், பரவாயில்லை.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கத்தியால்தான் பிரித்தேன். ஆனால் பார்த்துப் பிரித்தேன், சத்தியமாக.

நிலையத்தில் எல்லோரும் வந்து டோமைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நம் படகோட்டி கமாண்டர் மட்டும், "இவ்ளோ பெரிய கண்ணை வச்சுக்கிட்டு இவ்ளோ சின்ன கேமராவா? தவளை மாதிரி இருக்கும்மா" என்றார். நீ இருந்தபோது பேசாமல் இருந்த மனிதர் இப்போது வாயை மூடுவதில்லை. இப்போதைக்குத் தீவிலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

முதல் நாள் மானம் போயிற்று. படகிலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு பெருமையாகக் குதித்தேன். எடுத்த படம் எல்லாவற்றிலும் மேல் பாதியில் வெள்ளிப் பிறை மாதிரி ஒன்று. அப்புறம் பார்த்தால் லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்று சிக்கியிருக்கிறது. சரி, அது போனதும் எல்லாம் மங்கல். ஒரு படம் மட்டும் சுமாராக வந்தது, நாலாவது சட்டம். உனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, போன தடவை கரைக்குப் போனவரிடம் கொடுத்து, கடையில் எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடச் சொன்னேன். குழாயில் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். சுவரில் மாட்டிக்கொள்.

உன் கண்ணை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடியும். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் சின்னவள்

*

மார்ச் 8

அடி சின்னவளே,

பெரிய படம் வந்தது. அத்தான் அதைச் சுவரில் விரித்துப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கு? எப்படி இருக்கு?" என்று குதித்தார். நான் ஒரு பவளக் கொம்பைப் பார்த்தேன். தலையைத் திருப்பினேன், இன்னொரு கொம்பு. யானையைத் தடவிப் பார்த்தவர்கள் கதைதான். எனக்கு மங்கலாகத் தெரியவில்லையடி, கொஞ்சமாகத் தெரிகிறது. பெரிதாக்கினால் என் குழாய்க்குள் இன்னும் கொஞ்சமாகத்தான் விழும். எனக்கு வேண்டியது உள்ளங்கை அளவுப் படம். அதைக் கை நீட்டிப் பிடித்தால் முழுசும் உள்ளே வந்துவிடும். கண்ணில்லாதவளுக்குப் பெரிய எழுத்து என்று ஊரே நினைக்கிறது, நீயும் நினைத்தால் எப்படி?

படத்தை அத்தான் தன் பெயிண்ட் கடையில் மாட்டிவிட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லாம், "இந்த கலர் இருக்கா?" என்று அந்தப் பவளத்தைக் காட்டிக் கேட்கிறார்களாம்.

இனிப் பாடம். லென்ஸைப் படகில் மாட்டாதே. தண்ணீருக்குள் இறங்கினபின் மாட்டு. மாட்டுமுன் இரண்டு பக்கத்தையும் விரலால் துடைத்துக் குமிழியைத் தள்ளிவிடு. மங்கலுக்குக் காரணம் வேறு. கேமராவில் பூப்படம் போட்ட பட்டன் இருக்கிறதே, கிட்டத்தில் பார்ப்பதற்கு, அதை அமுக்கிக்கொள். அகலப் படத்துக்கு எதற்குக் கிட்டப் பார்வை என்று கேட்காதே. டோமுக்கு முன்னால் தண்ணீர் இருந்தால், தூரத்தில் இருப்பதும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருப்பதாகத்தான் கேமராவுக்குத் தோன்றும். ஃபிளாஷை அணைத்துவிடு, லென்ஸின் நிழல்தான் விழும். சூரியன் உன் முதுகில் இருக்கட்டும்.

முக்கியமானது இது. திரையில் பார்த்தால் எல்லாம் எட்டத்தில் இருப்பதாகத் தெரியும். நம்பாதே. கையை நீட்டினால் இடிக்கும்.

சோறு இறங்காவிட்டால் எனக்குக் கண் வந்துவிடுமா? ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இடித்துவிட்டேன். நீ எழுதி அனுப்பியும் இடித்துவிட்டேன். திரையில் இரண்டாவது சட்டம் எங்கேயோ தூரத்தில் தெரிந்தது, இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று போனால் டமால். பவளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சின்ன நுனி மட்டும். அதை மறுபடி கட்டிவிட்டேன். டோமில்தான் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். நீ நனைக்காமல் வைத்திருந்த பொருள். அழுகையே வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

ஆனால் இதைப் பார். உள்ளங்கை அளவில் போட்டிருக்கிறேன். முதலிரண்டு சட்டங்களும் ஒரே படத்தில்! மூலைகள் கறுத்துப் போயிருக்கின்றன, ஏன் என்று தெரியவில்லை. மற்றபடி நடுவில் இருப்பதைப் பார். நீ கட்டிய மான்கொம்புப் பவளங்கள், சட்டமே தெரியாத அளவுக்கு மூடிவிட்டன. தேன் நிறம், அதன் நுனியில் ஊதா. கமாண்டர் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பெரியம்மா கை" என்றார். உன்னைத்தான் பெரியம்மா என்கிறார். நான் சின்னம்மாவாம்.

ஏழையும் எடுத்துவிடுவேன். லாடத்தின் வாயில் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து வைத்துவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருக்கிறேன். இந்த வருஷம் என்னமோ கடல் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருக்கிறது, முக்குளிக்கப் போடும் ரப்பர் உடுப்பே வேண்டியதில்லை.

உன் சின்னவள்

*

ஏப்ரல் 12

என் சின்னவளுக்கு,

படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று அத்தானைக் கேள். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் போய், கையை நீட்டி, கிட்டே கொண்டுவந்து, மறுபடி நீட்டி. இரண்டு சட்டமும் முழுசாக உள்ளே வந்தன. நான் கட்டும்போது என் சுண்டுவிரல் அளவு இருந்த துண்டுகள். அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சந்தோஷத்தில் அழுதேன்.

இந்தச் சந்தோஷத்தில் பேராசை வந்துவிட்டது. மீதி ஐந்தும் சேர்ந்து வேண்டும்.

மூலை கறுத்தால் ஜூமை ஒரு பொட்டு உள்ளே தள்ளு, கறுப்பு மறைந்ததும் நிறுத்திவிடு. அதற்கு மேல் தள்ளாதே, அகலம் போய்விடும். கீறலுக்கு அழாதே. வெளிப்பக்கக் கீறல்தானே? தண்ணீருக்குள் இறங்கினால் அந்தப் பள்ளத்தைத் தண்ணீரே நிரப்பிவிடும், படத்தில் தெரியாது. நீ அனுப்பியதில் எங்கே தெரிந்தது?

அத்தான் வீட்டுக் கதவுச் சட்டங்களுக்கெல்லாம் கன்னங்கறுப்பாகப் பெயிண்ட் அடித்துவிட்டார். நான் இடித்துக்கொள்ளாமல் இருக்கவாம். வீடு துக்கப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றேன். "வெறும் கறுப்பு இல்லடி, இதுக்கு நள்ளிரவுன்னு பேரு" என்கிறார். அந்த மனிதர் பெயர் வைக்காத நிறமே உலகத்தில் கிடையாது.

கடல் சூடு என்று எழுதியிருந்தாயே. எப்போதிலிருந்து? விவரமாக எழுது.

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. கமாண்டர் படகுக்கு நீலம் அடித்தார், அடித்த நீலம் பாதி அவர் சட்டையில் இருக்கிறது. அத்தானிடம் கேட்டு அதற்கு ஒரு பெயர் வாங்கி அனுப்பு.

முழுப் படம் இந்தத் தடவை முடியவில்லை. டோமில் அந்தக் கீறல் கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது, அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கேமராவில் கிட்டே போய் எடுத்திருக்கிறேன். ஐந்து படம். எல்லாம் உள்ளங்கை அளவு. நிறத்தைப் பார், எவ்வளவு அழகாகப் பழுப்பும் பச்சையுமாக இருக்கிறது!

நீ கண்ணைப் பற்றி மட்டும் நினை. மனசு சந்தோஷமாக இருந்தால் அழுத்தம் ஏறாதாம். தோட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது? பாட்டு கேள், தூங்கு. ஆபரேஷனுக்கு முன்னால் எப்படியும் ஒரு நல்ல படம் அனுப்பிவிடுவேன்.

உன் சின்னவள்

*

மே 19

சின்னவளே,

ஐந்து படங்களையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிகிறது, அதனால் ஒவ்வொரு கொஞ்சத்தையும் நன்றாகப் பார்ப்பேன். ஐந்திலும் இருப்பது ஒரே பவளம். அந்த உருண்டை. ஐந்தாவது சட்டத்துக்குப் பின்னால், பாறை நிழலில், நாம் போவதற்கு முன்பே இருந்ததே, அதன் தலையில் இருக்கிற வடுவைக்கூட நான் மறக்கவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே என்று அதையே சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறாய். அது எந்தச் சூட்டுக்கும் அசையாது. மற்றதெல்லாம் எங்கே?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதுவும் எனக்குப் பரிமாறுகிற தட்டிலேயே.

கீறல் தண்ணீரில் தெரியாது என்று நான் எழுதினபிறகு கீறலைச் சாக்குச் சொல்கிறாய். கடல் சூட்டைப் பற்றிக் கேட்டேன், படகுக்கு நீலம் அடித்த கதை எழுதுகிறாய். சூட்டில் பவளம் வெளுத்துவிட்டதா? எத்தனை சட்டம்? 

டோமைக் கழற்றினால் கேமரா வேண்டியதை மட்டும் பார்க்கும், வேண்டாததை விட்டுவிடும். எனக்குக் கடவுள் கொடுத்த கண்ணும் அப்படித்தான் ஆகிவிட்டது. நீயும் அதையே எனக்குச் செய்யாதே.

கேள். அழுத்தம் ஏறிவிட்டது, கடிதத்தால் இல்லை, தானாகத்தான். ஜூலை வரைக்கும் பொறுக்க முடியாது என்று டாக்டர் ஜூன் 14-க்கு மாற்றிவிட்டார். நான் சண்டை போட்டு வாங்கின தேதி அது, அவர் உடனே செய்யச் சொன்னார். வெளுத்திருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி. டோமை மாட்டு, லாடத்தின் வாயில் நில், ஏழும் ஒரே படத்தில். என்ன இருக்கிறதோ அதை அனுப்பு.

அக்கா

*

ஜூன் 1

அக்கா,

உன் கடிதம் நேற்றுப் படகில் வந்தது. இன்று காலையிலேயே இறங்கினேன்.

வெளுத்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் நுனிகளில் ஆரம்பித்தது. நாலு நாள் கழித்துப் போனால் பாதி. அப்புறம் எல்லாம். சூடு தாங்காமல் தன்னிடம் இருந்த நிறத்தையெல்லாம் துப்பிவிட்டு எலும்பு தெரிய நிற்கின்றன. இதை உனக்கு எப்படி எழுதுவேன்? அத்தான் போனில், "அவளுக்கு நல்ல சேதியா மட்டும் எழுதும்மா, கவலைப்பட்டா அழுத்தம் ஏறுமோன்னு பயமா இருக்கு" என்றார். அவருக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது, பொதுவாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து, திரும்ப நிறம் வந்துவிடும், வந்தபிறகு எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். நீ பார்க்கிற கடைசிப் படம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தப்புத்தான். என்னை மன்னித்துவிடு அக்கா.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். தண்ணீருக்குள் மாட்டினேன், குமிழியைத் தள்ளினேன், பூ பட்டன், ஒரு பொட்டு ஜூம். லாடத்தின் வாயில் மணலில் முழங்கால் போட்டு நின்றேன். ஏழும் வந்துவிட்டன. இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை. தண்ணீர்கூட இன்றைக்குப் பார்த்துத் தெளிந்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளங்கை அளவில், நிலையத்து அச்சு எந்திரத்திலேயே போட்டுவிட்டேன். கை நீட்டிப் பிடி. முழுசாகத் தெரியும்.

உன் சின்னவள்

ஜூன் 6. காற்று எழும்பிவிட்டது, படகு போகவில்லை. கடிதம் துறைமுக ஆபீஸ் மேஜையிலேயே கிடக்கிறது. போனிலும் சிக்னல் இல்லை.

ஜூன் 11. இன்னும் போகவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கமாண்டரிடம் சண்டை போட்டேன். "சின்னம்மா, இந்த அலையில நீயும் போய்ச் சேரமாட்ட, படமும் போய்ச் சேராது" என்றார். படகின் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

ஜூன் 29

என் சின்னவளுக்கு,

வரிக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரித்துப் படித்துக்கொள். இவர் கடைக்குப் போயிருக்கிறார். விலாசத்தை மட்டும் வந்தபின் எழுதச் சொல்வேன், உறையை நானே ஒட்டிவிடுவேன்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். அழுத்தம் குறைந்துவிட்டது. பார்வையும் போய்விட்டது. டாக்டர் நல்லவர், முதலிலேயே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும் என்றார், இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

உன் உறை அதற்கு அப்புறம் வந்தது. இவர்தான் பிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இந்த மனிதர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறார், எனக்குக் காது கேட்கும் என்பதை மறந்துவிட்டு. படத்தை எடுத்ததும், "அடி! உன் தோட்டம்!" என்று ஒரு சத்தம் போட்டார் பார். அந்தக் குரலை நான் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வெள்ளை. எல்லாம் வெள்ளை. இவ்ளோ அழகா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே. கல்யாண வீட்டுக்குப் போட்ட அலங்காரம் மாதிரி இருக்குடி."

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "இரு இரு, வெறும் வெள்ளைன்னு சொன்னா உனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே போய், நிற அட்டையைக் கொண்டுவந்தார். அப்புறம் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு சட்டமாக வைத்துப் பார்த்துச் சொன்னார். முதலாவது முத்து வெள்ளை. இரண்டாவது அதேதான். மூன்றாவதில் கீழே கொஞ்சம் சாம்பல் ஓட்டம். நாலாவது தந்தம். ஐந்து, ஆறு இரண்டும் சுண்ணாம்பு. "கடைசி இருக்கு பாரு, அதுதான் பால் வெள்ளை. சுத்தமான பால் வெள்ளை. பளபளன்னு இருக்கு. எங்க கடையில இதைக் கலக்கறதுக்கு ஆள் கிடையாது."

அவர் சொல்லச் சொல்ல நான் பார்த்துவிட்டேன். சாம்பல் ஓட்டம் என்றால் செத்துப்போய் மண் படிகிறது. பளபளவென்று இருந்தால் பட்டினிதான், இன்னும் உயிர் இருக்கிறது. அவருக்குத் தெரியாமலே ஒரு பொய்யும் கலக்காமல் சொன்னார். என் தோட்டத்தை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"லெட்டரையும் படிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா தங்கை விஷயம் என்றேன். அதனால் உன் கடிதத்தை யாரும் படிக்கவில்லை, இனியும் படிக்கப் போவதில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பாய். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

கோபம் இருக்கிறதடி. மறைக்க மாட்டேன். மே மாதம் அனுப்பியிருந்தால் என் கண்ணால் பார்த்திருப்பேன். வெள்ளையைத்தான் பார்த்திருப்பேன், பார்த்து நெஞ்சு வெடித்திருக்கும், இருந்தாலும் பார்த்திருப்பேன். எனக்கு அழகான படம் வேண்டியிருக்கவில்லை. உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது.

இப்போது கவனமாகக் கேள், இப்படி எழுத எனக்கு இன்னொரு சமயம் வாய்க்குமோ என்னமோ. அந்த ஏழாவது சட்டத்தைக் கமாண்டரை வைத்துத் தூக்கி, பாறைக்கு அந்தப் பக்கம் ஆழத்தில், நிழலில் இறக்கு. அங்கே கொஞ்சம் குளிரும். பழுப்பு நிறம் வந்தால் பிழைத்துவிட்டது. பச்சை வந்தால் செத்துப் பாசி பிடித்துவிட்டது, விட்டுவிடு.

இன்னொன்று. இனி உன் கடிதங்களை இவர்தான் எனக்குப் படித்துக் காட்டுவார். அந்தப் படத்தைக் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். செத்துப்போன ஒன்றைப் பார்த்துத்தான் இவ்வளவு சந்தோஷப்படுகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். தோட்டம் நன்றாக இருக்கிறது என்றே எழுது. உண்மையைத்தான் எழுதச் சொல்லி உன்னிடம் சண்டை போட்டேன், இப்போது நானே இப்படிச் சொல்கிறேன், என்ன செய்வது. நிறத்தை மட்டும் சரியாக எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இங்கே அனைவரும் நலம். காற்று அடங்கிவிட்டது, படகு மறுபடி ஒழுங்காகப் போகிறது. கமாண்டர் உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று தினமும் கேட்கிறார், நான் பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அத்தான், தோட்டம் நன்றாக இருக்கிறது. நீங்கள் கடையில் படத்தை மாட்டியிருப்பது தெரிந்து எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வெள்ளை இப்போது இல்லை, நிறம் மாறிவிட்டது. மூன்றாவது சட்டத்தில் முதலில் ஆரம்பித்தது. மெல்லிய பச்சை, தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அப்புறம் ஐந்து, ஆறு, பிறகு ஒன்றும் இரண்டும். நாலாவது கொஞ்ச நாள் தந்தமாகவே நின்று பார்த்தது, முடியவில்லை.

கடைசிச் சட்டத்தை அக்கா சொன்ன இடத்துக்கு நகர்த்தி வைத்தோம். அது மட்டும் வெகு நாள் பால் வெள்ளையாகவே இருந்தது. பழுப்பு வந்துவிடுமோ என்று நான் தினமும் இறங்கிப் பார்த்தேன். விடுமுறையிலும் இறங்கினேன். ஒரு நுனியில்கூட வரவில்லை அத்தான். போன வாரம் அதுவும் பச்சையாகிவிட்டது. அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டோம், இப்போது ஏழும் ஒரே நிறம்.

டோம் போட்டு எடுத்த படம் இதோடு இருக்கிறது. ஒரு மூலைகூடக் கறுக்கவில்லை, எதையும் விடவில்லை. இந்தப் பச்சைக்கு உங்கள் அட்டையில் என்ன பெயர் என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து அக்காவுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள்